மேலே ஏறும் இரையும் இரண்டரைச் சுற்று ஈயமும்

மூன்றாவது சனிக்கிழமை ஒருவழியாக மீன் மாட்டியது. நான்கு ஸ்மால்மவுத் பாஸ். பெரியது நாலேகால் பவுண்டு. அமெரிக்காவின் மிச்சிகனுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் செயின்ட் கிளேர் ஏரியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். வசந்தத்தில் அங்கே ஒரே காலையில் இருபது, முப்பது என்று பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். இரண்டு வாரம் வெறுங்கையோடு வீடு திரும்பியவனுக்கு நான்கு என்பதே திருவிழா.

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கிழக்குக் காற்று, அவ்வளவுதான். பரப்பு 430 சதுர மைல், சராசரி ஆழம் வெறும் பதினோரு அடி. தாம்பாளம் போலக் கிடக்கும் அந்த ஏரியில் இரண்டு நாள் காற்று அடித்தால் மிச்சிகன் பக்கத்துக் கரை முழுக்கப் பால் கலந்த காப்பி ஆகிவிடுகிறது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனுக்குக் கலங்கலில் ஜெர்க்பெய்ட், அதாவது சுண்டிச் சுண்டி இழுக்கும் பிளாஸ்டிக் மீன் இரை, வீசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. கூட வந்த தூத்துக்குடி அண்ணாச்சி ஒன்பது மணிக்கே எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துவிட்டார்.

என்னைப் பைத்தியமாக்கியது இரண்டாவது வாரம்தான். அதே ஏரியின் ஆங்கர் விரிகுடாவில் தண்ணீர் கண்ணாடி. எட்டடி ஆழத்தில் கிடந்த சிப்பியைக்கூட எண்ண முடிந்தது. வெப்பம் 48 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஒன்பது செல்சியஸுக்குச் சற்றுக் கீழே. மணல்திட்டு முடிந்து பாசி தொடங்கும் ஓரத்தில் மீன் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இருவருமே பார்த்தோம். இரையின் பின்னால் வருகிறது. நிற்கிறது. திரும்பிப் போய்விடுகிறது. பதினோரு முறை இப்படி. அண்ணாச்சிதான் எண்ணினார், அவருக்கு வேறு வேலை இல்லை.

எட்டாவது முறைதான் எனக்கு உறைத்தது. அந்தக் குளிரில் மீன் துரத்தாது. இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தினால், ஐந்து முதல் பத்து விநாடி வரை இரை அதன் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நிற்க வேண்டும். என்னுடையதோ நிறுத்திய மறுகணமே மெல்ல மேலே ஏறியது. ஐந்து விநாடியில் அரைச் சாண். ஏறாமல் இறங்காமல் தண்ணீருக்குள் நிற்கும் வகை என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு இருபத்தைந்து டாலர் வாங்கியிருந்தார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "உங்கள் கை சரியில்லை" என்ற பொருளில் ஒரு புன்னகை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து குளியலறை வாளியில் போட்டுப் பார்த்தேன். தியானத்தில் அமர்ந்தவர் போல அசையாமல் நிற்கிறது! வாளித் தண்ணீர் இருபது செல்சியஸ். அங்கேதான் முடிச்சு என்று நினைத்து இரவு பன்னிரண்டு மணி வரை கணக்குப் போட்டேன். ஒன்பது டிகிரித் தண்ணீர் இருபது டிகிரித் தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது. பதினான்கு கிராம் இரைக்கு அந்த வித்தியாசம் சுமார் 0.02 கிராம், மேல்நோக்கி. சரி, விடை கிடைத்துவிட்டது என்று படுத்தால், பிளாஸ்டிக்கும் குளிரில் சுருங்கும் என்பது நினைவுக்கு வந்தது. சுருங்கினால் மிதப்பு குறைந்து இரை கீழே இறங்க வேண்டும். இரண்டில் எது வெல்லும் என்பது பிளாஸ்டிக்கையும் வார்ப்பையும் பொறுத்தது. போதாததற்கு, வாளியில் நான் தூண்டில் நரம்பைக் கட்டாமல் வெறும் இரையை மட்டும் போட்டிருக்கிறேன். ஏரியில் கட்டியிருந்ததோ பின்னல் நரம்பு; அது மிதக்கும் சாதி. ஆகக் காகிதத்தை மூடிவைத்தேன். ஏரித் தண்ணீரை ஏரிக்கரையிலேயே வாளியில் மொண்டு, வீசப்போகும் நரம்பையே கட்டி, பத்து நிமிடம் ஊறவைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எடை கூட்ட ஒட்டும் ஈயத்தாள் கடையில் கிடைக்கும். எனக்கு அது பிடிக்காது. நான்கு வீச்சில் உரிந்து போகிறது. மேசையில் சர்க்யூட் போர்டுக்கு வாங்கிய 0.8 மில்லிமீட்டர் பற்றவைக்கும் ஈயக் கம்பி கிடந்தது. பத்து சென்டிமீட்டரை நகை எடைத் தராசில் வைத்தேன்: 0.43 கிராம். இரையில் தொங்கும் தூண்டில் முள்ளின் தண்டில் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மில்லிமீட்டர் பிடிக்கிறது. அப்படியானால் சுற்றுக்கு 0.02 கிராமும் கொஞ்சமும். அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது.

சனிக்கிழமை விடிகாலை, கரையில் வாளியோடு குந்தியிருந்தேன். முதலில் பின்முள்ளில் இரண்டு சுற்று. வால் தொங்கி, இரை வானத்தைப் பார்த்தது. தவறு. அவிழ்த்து முன்முள்ளில் சுற்றினேன். மூக்கு ஒரு நூல் இறங்கியது, ஆனால் இன்னும் ஏறுகிறது. மூன்று சுற்று போட்டால் கல் போல இறங்குகிறது. நகவெட்டியால் நறுக்கி நறுக்கி இரண்டரைச் சுற்றில் நிறுத்தினேன். அசையவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போய், முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. வாளித் தண்ணீர் சிவந்தபோதுதான் பார்த்தேன். பின்னல் நரம்பையும் கழற்றிவிட்டு, ரீல் முழுக்கப் பத்துப் பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பை ஏற்றியிருந்தேன். அது தானே மூழ்கும்.

நரம்பைத் தொய்வாக விட்டுச் சுண்டு, சுண்டு, நிறுத்து. மனதுக்குள் எட்டு எண்ண வேண்டும். நான்காவது வீச்சில் ஏழு எண்ணும்போது, தண்ணீருக்கு மேலே தொங்கிய நரம்பின் வளைவு மெதுவாக நேரானது. இழுப்பும் இல்லை, இடியும் இல்லை. தூண்டிலைத் தூக்கினால் கனம். அப்புறம் வெண்கல நிறத்தில் ஒரு உடம்பு இரண்டடி உயரத்துக்கு வெளியே பாய்ந்தது. சிவந்த கண். படகில் ஏற்றியதும் பாதி செரித்த கோபி என்ற சிறு மீன் ஒன்றைக் கக்கிவைத்தது. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன். 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் கண்டுபிடித்தார்கள். இப்போது இங்குள்ள பாஸுக்கு அதுதான் அன்றாடச் சோறு.

மீனை நான் திரும்ப விட்டதும் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை.

"தம்பி, விடுவதற்கா என்னை நாலு மணிக்கு எழுப்பினாய்?"

"ஜூன் மூன்றாவது சனிக்கிழமைக்கு முன் இந்த ஏரியின் மிச்சிகன் பக்கத்தில் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது அண்ணாச்சி. பிடித்துப் பிடித்து விடலாம்."

"பந்தியில் உட்காரவைத்து இலையை எடுத்த கதைதான்" என்றார். அடுத்த மீனைச் சத்தமில்லாமல் அவரே பிடித்தார். படம் எடுக்கச் சொல்லி, வலமும் இடமுமாக மூன்று முறை திரும்பி நின்றார்.

சிப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வரிக்குதிரைச் சிப்பி வட அமெரிக்காவில் முதலில் பிடிபட்டதே இந்த ஏரியில்தான், 1988இல். தண்ணீர் இவ்வளவு தெளிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் நரம்பு அரத்தால் தேய்த்ததுபோல் ஆவதற்கும் அதுவே காரணம். அவ்வப்போது கடைசி இரண்டடியை வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போடுங்கள். நான் சோம்பல் பட்டேன். ஐந்தாவதாக வந்தது, அநேகமாக எல்லாவற்றிலும் பெரியது, இரண்டரைச் சுற்று ஈயத்தையும் இருபத்தைந்து டாலரையும் வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டது.

தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஆண் மீன் கூட்டில் உட்கார்ந்துவிடும். அப்போது அந்த இடத்துக்குப் போகமாட்டேன். தகப்பனைத் தூக்கிய நிமிடமே கோபிகள் முட்டையில் புகுந்துவிடுகின்றன. அதற்குள் இன்னும் ஒரு வாரம் கிடைக்கலாம். கோபி நிறத்தில் டியூப் என்ற மென்மையான பிளாஸ்டிக் இரையை வார்க்க அச்சு வாங்கும் எண்ணமும் இருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அதே பெட்டியில் வாங்கிய இரண்டாவது இரையைச் சரிசெய்ய வேண்டும். நேற்று ஏரித் தண்ணீரில் போட்டேன். இது ஏறவில்லை, இறங்குகிறது.