பத்துப் பேருக்கு ஒரு கீசர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏற்காட்டில் எந்தப் பழைய பங்களாவுக்குள் எட்டிப் பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். தோளில் துண்டோடு பெரியப்பா, வாயில் பிரஷோடு மாமா, ஒரே போர்வைக்குள் ரெண்டு பிள்ளைகள். எல்லார் கண்ணும் கீசர் சுவிட்சின் சிவப்பு விளக்கு மேல். உள்ளேயிருந்து சித்தி குரல் வரும்: "பச்சத் தண்ணிதான் வருது. யாரு அதுக்குள்ள குளிச்சது?" யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். குளித்தவர் அஞ்சரைக்கே எழுந்து, முடித்து, விபூதியும் பூசிக்கொண்டு வராந்தாவில் மலையை ரசித்துக்கொண்டிருப்பார்.

ஓட்டல் வேண்டாம், 'பழைய காலத்து பங்களா' வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ ஒருத்தர் கிளப்பிவிட்டதன் விளைவு இது. கிளப்பியவர் மேல் தப்பில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிச் செடி போட்டு வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த தோட்டத்துத் துரைமார்கள் வீடு கட்டிக்கொண்டே போனார்கள். மிஞ்சிய பங்களாக்களில் சிலது இன்று வாடகைக்குக் கிடைக்கிறது. ஓட்டுக் கூரை, சிவப்புத் தரை, நீள வராந்தா, எதிரே சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக் கொடி. போட்டோவில் இதெல்லாம் விழும். கீசர் எத்தனை லிட்டர் என்பது விழாது.

அதனால் முதல் கேள்வி அதுதான். 'வெந்நீர் வருமா' என்று கேட்டால் 'வரும் சார்' என்பார்கள், பொய்யில்லை. எத்தனை பேருக்கு வரும் என்பதுதான் விஷயம். 15 லிட்டர் கீசர், 2,000 வாட். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதை 60-க்கு ஏற்ற 22 நிமிஷம். பச்சைத் தண்ணீர் கலந்து விளாவினால் 28 லிட்டர் தேறும், ஒன்றரை வாளி, ஒரு ஆள் குளிக்கலாம். பத்துப் பேருக்குக் கிட்டத்தட்ட மூணே முக்கால் மணி நேரம், அதுவும் யாரும் தலைக்குக் குளிக்காமல் இருந்தால். எஸ்டேட் கரண்ட் லைனின் கடைசி வீடு என்றால் காலை நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும். 230 இருக்கவேண்டிய வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறைந்தால் சூடு அந்த அளவோடு நிற்காது. கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் விழும். 22 நிமிஷம் 36 ஆகிவிடும். பெரியப்பாவின் முறை வரும்போது ரூமைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துவிடுவார்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கே என்று தேற்றிக்கொள்ளக் கூடாது. அது நாலு லைட்டையும் ரெண்டு ஃபேனையும் தாங்கும், கீசரைத் தாங்காது. பின்கட்டில் விறகு பாய்லர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். கறுத்துப்போய், புகை மண்டி, பார்க்க அசிங்கமாக இருக்கும் அந்த பாய்லர்தான் பல பங்களாக்களில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பழைய பொருள்.

ரெண்டாவது கேள்வி வழியைப் பற்றி. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பயம் வேண்டாம். ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு, இறங்கும்போது ரெண்டாவது கியரில் வந்தால் போதும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவர்களின் வண்டியிலிருந்து எரிந்த வாசனை வரும்போதுதான் பின் சீட்டில் 'ஏதோ கருகுதே' என்பார்கள். வில்லங்கம் இருப்பது ரோட்டில் இல்லை, ரோட்டை விட்டுப் பிரியும் கடைசி ஒரு கிலோமீட்டர் எஸ்டேட் பாதையில். தார் சிமென்ட் ஆகும், சிமென்ட் கல் ஆகும், கல்லும் தீர்ந்தபின் நம்பிக்கை மட்டும் இருக்கும். போனில் நடக்கிற பேச்சு இப்படி:

"அண்ணா, கார் வருமுங்களா?"

"எல்லா வண்டியும் வருதுங்க சார். காலைல கூட லோடு லாரி வந்துட்டுப் போச்சு."

லாரி வந்தது வாஸ்தவம். லாரியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்பதை அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். கேட்கவேண்டிய விதம் வேறு: 'சின்ன கார், அஞ்சு பேர், டிக்கி நிறைய மூட்டை. நேத்து மழை பெஞ்சிருந்தா ஏறுமா? மேல திருப்ப இடம் இருக்கா?' பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விழுந்தால், ஜீப் அனுப்புவார்களா, அதற்கு எவ்வளவு என்று அப்போதே பேசிவிடவேண்டும். டெம்போ டிராவலரில் வருகிறவர்கள் வண்டியை டவுனில் நிறுத்திவிடுவதே மானத்துக்கு நல்லது. அகலம் போதாத பாதையில் ரிவர்ஸ் எடுக்கும் டிரைவருக்கு 'லெஃப்ட்டு, லெஃப்ட்டு' என்று பத்துப் பேர் எட்டு திசை காட்டுவார்கள்.

பங்களாவின் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் அறைக்கு அறை தடுப்புச் சுவர் ஓடு வரைக்கும் போகாது. காற்று ஓடட்டும் என்று ஒன்பது பத்தடியில் நிறுத்திவிடுவார்கள். காற்றோடு குறட்டையும் ஓடும். மூணாவது ரூமில் மாமனார் குறட்டை விட்டால் முதல் ரூமில் புது மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மாப்பிள்ளை போனில் முணுமுணுத்த புகாரும் அதே வழியாகத்தான் மாமனார் ரூமுக்குப் போயிருக்கும் என்பது காலையில், இட்லி பரிமாறப்படும் வேகத்தில் தெரியும். மேலே பலகை அடித்த சீலிங் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் குடும்பத்துக்கு நல்லது.

ஓட்டுக்கு மேல் குரங்கு. அதற்கு ஓடு என்பது ஓடுவதற்கு. ஒரு ஓடு நகர்ந்தாலும் மழையில் ஒழுகும். எந்த இடத்தில் ஒழுகும் என்பது வாட்ச்மேனுக்கு மனப்பாடம். வாளியை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலில் வலைக்கம்பி இல்லாத ரூமில் பேஸ்ட், சோப்பு, மாத்திரை எதையும் வெளியே வைக்கக் கூடாது. துவைத்துக் காயப்போட்ட துணி மூணு நாளானாலும் பனியில் காயாது, ஆகவே மாற்றுத்துணி ஒரு செட் கூட. மெத்தை பூஞ்சை வாடை அடிக்குமா என்பதைக் கண்டுபிடிக்க 'போன வாரம் ஆளுங்க தங்கினாங்களா' என்று கேட்டாலே போதும். அடைத்துக் கிடந்த ரூம்தான் நாறும்.

ஃபயர்பிளேஸ் இருக்கிறது என்று போட்டிருந்தால் அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்துபாருங்கள். செய்தித்தாளை ரெண்டு ஷீட் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாய்க்கு நேராக ஒரு நிமிஷம் பிடியுங்கள். உள்ளே தேங்கின குளிர்காற்று சூடாகி மேலே கிளம்பும், புகையும் கூடவே ஏறும். ஏறாமல் ரூமுக்குள் திரும்பினால் மேலே பறவைக்கூடோ, தேன்கூடோ, அடைத்துவிட்ட சிமென்ட்டோ இருக்கிறது என்று அர்த்தம். போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். விறகிலும் விஷயம் உண்டு. ரெண்டு துண்டைத் தட்டினால் 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம். வெட்டிக் காயவைத்த காபிக் கட்டை நின்று எரியும். ஈர விறகு குளிருக்கு ஆகாது, அழுகைக்கு ஆகும். ஒன்று மட்டும் விளையாட்டில்லை: கரித்தணலைச் சட்டியில் அள்ளி ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுப்பிவிடாது.

சாப்பாடு பங்களாவிலேயே என்றால் கோழிக்கு மத்தியானத்துக்குள் சொல்லிவிடவேண்டும், ஆள் டவுனுக்குப் போய் வாங்கி வரவேண்டியிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு 'மிளகுக் கோழி கிடைக்குமா' என்று கேட்டால் மிளகு மட்டும் கிடைக்கும். இருட்டினபின் எஸ்டேட்டுக்குள் 'சும்மா ஒரு வாக்' வேண்டாம், காட்டெருமை வரும். செல்போன் டவர், காபி காயவைக்கும் களத்தின் ஒரு மூலையில் மட்டும் எடுக்கும். சாயங்காலம் மொத்தக் குடும்பமும் அங்கே நின்று வானத்துக்குப் போனை நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வாடகை பாக்கிக்கு ரொக்கம் கையில் இருக்கட்டும். பில்லில் வரி 12 சதவீதம் என்று போட்டால் அது பழைய கணக்கு. ஒரு ரூம் ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.

பேரில் மட்டும் ஏற்காடு இருக்கும் அடிவாரத்து விடுதிகளும் உண்டு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும், ஆக மேலே போனால் ஏழெட்டு டிகிரி லாபம். அடிவாரத்தில் லாபம் பூஜ்யம். ஸ்வெட்டரோடு இறங்கியவர்கள் வேர்வையோடு நிற்பார்கள்.

கல்லாயுத ஆராய்ச்சிக்குப் பேர்போன ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை எடுத்தவர் அவர். கற்கால மனுஷனோடு பழகியவர் என்பதால் கீசர் எத்தனை லிட்டர் என்று கேட்டிருக்கமாட்டார்.

இவ்வளவு தொல்லை வேண்டாம், கீழேயே ராத்திரி தங்கிவிட்டுப் பகலில் ஏறி இறங்கலாம் என்பவர்களுக்கு சேலம் டவுனில் பழைய லாட்ஜுகள் இருக்கின்றன, நடுவில் முற்றம், சுற்றிலும் ரூம். இங்கே பார்க்கவேண்டியது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏர் ஹாரன். செவ்வாய்ப்பேட்டையில் லாரி ஏற்றி இறக்கும் சத்தம். அம்மாபேட்டையில் தறிச் சத்தம், அது பழகினால் தாலாட்டு. முற்றத்துப் பக்கம் ரூம் கேளுங்கள். முகூர்த்த நாளிலும் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவிலும் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் ரூம் கிடைக்காது. கிடைத்தாலும் விடியுமுன் ஸ்பீக்கர் எழுப்பிவிடும். பல லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, வந்த நேரத்துக்கு மறுநாள் காலி பண்ணலாம், பங்களாக்காரர்கள் மாதிரி பகல் பதினொன்றுக்கே கதவைத் தட்டமாட்டார்கள்.

ரிசப்ஷனில் சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள்: 'வெந்நீர் காலை 5 முதல் 8 வரை.' எத்தனை லிட்டர் என்று கேட்கத் தேவையில்லை. எட்டு மணிக்கு மேல் பெரியப்பாவுக்கும் பச்சைத் தண்ணீர், சித்திக்கும் பச்சைத் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியில் சேலத்து வெயில் பட்டதில் அதுவே வெதுவெதுப்பாகத்தான் வரும்.