கிணற்று மேட்டுப் பன்னீர் திராட்சை: பழைய கொடியை மீட்டெடுத்த கதை

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் பூர்வீகத் தோட்டத்தில், கிணற்று மேட்டை ஒட்டிய கல்தூண் பந்தலில் தாத்தா வைத்த பன்னீர் திராட்சைக் கொடி ஒன்று நிற்கிறது. அவருக்குப் பின் யாரும் கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குதல்) செய்யாததால், அது பந்தலைத் தாண்டி வேப்பமரத்தில் ஏறி, இலை மேல் இலையாக மூடிக் கிடந்ததே தவிர, காய் என்று ஒன்றும் இல்லை. “இதப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு கொய்யாவ வையிப்பா” என்றார் சித்தப்பா. அடித்தண்டைக் கத்தியால் கீறியபோது பட்டைக்குள் பச்சை தெரிந்தது. ஆழ வேரோடிய கொடியை அழித்துவிட்டுப் புதுப் பதியன் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குளிர் நாடுகளில் இலை உதிர்த்து உறங்கும் திராட்சை நம் ஊர்ச் சூட்டில் அவ்வாறு உறங்குவதில்லை. கிளைகளைக் கத்தரித்தால்தான் அதற்கு அடுத்த வளர்ச்சிச் சுற்று தொடங்கும். மேலும், வரவிருக்கும் பூங்கொத்து முந்தைய வளர்ச்சியின்போதே கணு மொட்டுக்குள் உருவாகிவிடுவதால், அப்போது வெயில் படாத மொட்டிலிருந்து பெரும்பாலும் வெறும் இலைத் துளிர்தான் வரும். எனவே முதல் கவாத்தைக் காய்க்காகச் செய்யாமல், காய்க்கக்கூடிய புதுக் கிளைகளுக்காகச் செய்வதென்று முடிவு செய்தேன்.

ஆனி மாதக் கடைசியில், சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, வேம்பில் ஏறியிருந்ததை முழுவதும் அறுத்து இறக்கினேன். வேம்பின் தாழ்ந்த கிளைகளும் அன்றே போயின. பந்தலில் நான்கு திசைக்கும் ஒவ்வொரு முதன்மைக் கிளையை மட்டும் நிறுத்தி, அவற்றில் இருந்த பக்கக் கிளைகளை இரண்டு கணு விட்டு வெட்டினேன். வடக்குக் கிளையின் வெட்டு முகத்தில் ஆப்பு வடிவில் கருப்பு ஓடியிருந்ததால், வெளிர்நிற மரம் தெரியும் வரை பின்னோக்கி அறுத்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. கடைசியில் அந்தக் கிளையில் ஒரு முழம்தான் மிஞ்சியது. தண்டில் நார் நாராகத் தொங்கிய பழைய பட்டையைக் கையால் உரித்தபோது, அடியில் மாவுப்பூச்சி வெள்ளைத் திட்டுகளாக ஒட்டியிருந்தது. இலை தின்னும் வண்டு முட்டையிடுவதும் இப்பட்டைக்கு அடியில்தான் என்பதால், உரித்ததை அங்கேயே போடாமல் எரித்துவிட்டேன். பெரிய வெட்டுகளில் எல்லாம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினேன்.

துளிர்கள் தாறுமாறாக வந்தன. நெருக்கமானவற்றைக் கிள்ளி எறிந்து, மற்றவற்றைச் சணல் கயிற்றால் கம்பியில் பரப்பிக் கட்டி, பன்னிரண்டு பதினைந்து கணு வந்ததும் நுனியைக் கிள்ளினேன். தொழு உரத்தோடு கொஞ்சம் பொட்டாஷும் வைத்தேன்.

ஐப்பசி மழைதான் உண்மையான சோதனை. இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் திட்டும், அதன் அடியில் வெண்பூசணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதற்குத் தெளிக்க, 100 கிராம் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, இரண்டையும் சேர்த்து 10 லிட்டராக்கினால் ஒரு சதவீதப் போர்டோ கலவை கிடைக்கும். அதில் பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். கடைப் பூஞ்சாணக்கொல்லிகள் எத்தனை இருந்தாலும், ஒற்றைக் கொடிக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

மார்கழியில் கிளைகள் பழுப்பேறி முற்றியபின், பென்சில் தடிமன் உள்ளவற்றை நான்கு கணுவிலும் மெலிந்தவற்றை இரண்டு கணுவிலும் வெட்டினேன். நான்கு கணுவில் விட்டவற்றிலிருந்து வந்த துளிர்களில் பூங்கொத்துகள் தெரிந்தன. வடக்குப் பக்கம் மட்டும் இலையோடு நின்றுவிட்டது. முதல் காய்ப்பிலேயே கொடியை வாட்ட மனமின்றி, துளிருக்கு ஒரு கொத்து என நிறுத்திக்கொண்டேன்.

சித்திரையில் பழங்கள் கருநீலமாகின. நிறத்தை நம்பி அறுக்கக் கூடாது. பறித்தபின் திராட்சை மேலும் பழுக்காது. கொத்தின் நுனிப் பழம்தான் கடைசியில் இனிப்பேறும் என்பதால் அதைச் சுவைத்துப் பார்த்தே அறுத்தேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோடு ஒப்பிட்டால் பழம் சிறியது, கொத்தும் இறுக்கமில்லை. மணத்தில் மட்டும் குறையில்லை. சித்தப்பா ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துப் போனார், கொய்யாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வரும் ஆனியில் மறுபடியும் இரண்டு கணுக் கவாத்து. வடக்குப் பக்கத்துக்கு, கிழக்குக் கிளையின் அடியில் கிளம்பியிருக்கும் தடித்த துளிரைத் திருப்பிக் கட்டியிருக்கிறேன்.