அண்ணன் மகன் நிலாவை நகர்த்திவிட்டான்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, மூன்று வாரப் பழக்கம் தந்த தைரியத்தில் ராக்கெட்டைச் செலுத்தினேன். போய்ச் சேர்ந்தால் நிலாவைக் காணவில்லை.

கைபேசியில் ஆடும் விண்கல விளையாட்டுதான். பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்து, நிலா இன்ன இடத்துக்கு வரும்போது எஞ்சினைத் தட்ட வேண்டும். நாம் போய்ச் சேரும் நேரத்துக்கு அதுவும் அங்கே வந்து நிற்கும். நகரியில் திருத்தணி பஸ்ஸைப் பிடிக்கிற அதே கணக்கு. பஸ் எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறது, நிலா ஏமாற்றியதில்லை. நேற்று வெறும் இருட்டில் திருதிருவென்று விழித்துவிட்டுத் திரும்பி விழும் வழியில், எதிர்ப்பக்கமிருந்து நிலா சீறிக்கொண்டு வந்தது. கலம் தூள்தூள். புத்தூர்க் கட்டு போட்டாலும் சேராது.

காலையில் விசாரணை. அண்ணன் மகன் ஒளிக்கவே இல்லை. "நிலா ரொம்பத் தூரத்தில் இருக்கிறது சித்தப்பா. போவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது."

அந்த விளையாட்டில் ஒவ்வொரு கோளுக்கும் ஓர் எழுத்துக் கோப்பு உண்டு. மையத்திலிருந்து எவ்வளவு தூரம், பாதை எவ்வளவு நசுங்கிய வட்டம், எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், எல்லாமே அதில் வெறும் எண்கள். இவன் தூரத்தை நாலால் வகுத்திருக்கிறான். போதாக்குறைக்குத் திசைக்கான எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

"கோயிலைக்கூட அப்பிரதட்சிணமாகச் சுற்றக் கூடாதடா" என்றார் அம்மா, வாழைக்காய் நறுக்கியபடியே.

"வடதுருவத்துக்கு மேலே நின்று பார்த்தால் நிஜ நிலாதான் பாட்டி அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறது. நான் சரிசெய்து வைத்தேன்."

பயல் சொன்னது உண்மை. எனக்கு வந்த எரிச்சலில், நெப்டியூனின் நிலாவான டிரைட்டன் அப்படித் தலைகீழாகத்தான் சுற்றுகிறது, அந்த நிலாவை 1846-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், நீ புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

நிஜ நிலாவையே இப்படி இழுத்து வைத்தால் என்ன ஆகும் என்று அண்ணி கேட்டார். பால் கணக்கு எழுதும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 3,84,400 கிலோமீட்டர் என்பது 96,100 ஆகும். கெப்ளர் 1619-ல் சொன்ன விதிப்படி, தூரம் கால்பங்கானால் சுற்றும் காலம் எட்டில் ஒரு பங்கு. 27.3 நாள் வேலையை மூன்றரை நாளுக்குள் முடித்துவிடும். அதாவது வாரத்துக்கு இரண்டு அமாவாசை.

இங்கேதான் வீடு இரண்டுபட்டது. நம் சித்திரை சூரியனைப் பார்த்து வருவது, அதற்கு ஒன்றுமில்லை. அண்ணி வீட்டு உகாதியோ நிலாவைப் பார்த்து வருவது. பன்னிரண்டு மாதம் நாற்பது நாளில் ஓடிவிடும். நாற்பது நாளுக்கு ஒரு முறை வேப்பம்பூப் பச்சடி, நாற்பது நாளுக்கு ஒரு முறை புதுப் புடவை. அண்ணி நோட்டை வாங்கி இன்னொரு தடவை சரிபார்த்தார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செய்தி தறிக்கூடத்துக்கு எப்படிப் போனதென்று தெரியவில்லை. எங்கள் கூடத்தில் அமாவாசைதான் விடுமுறை. தறி நிற்கும் நாள் பார்த்துப் பத்து மணிக்குப் பாவு நூல் பிணைக்க வந்தவர், "வாரத்தில் இரண்டு நாள் லீவாமே தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்.

கோப்பைத் திறந்து பழைய எண்ணைத் தட்டப் போனேன். அம்மா இன்னும் வாழைக்காயிலேயே இருந்தார். இன்றைக்கு அமாவாசை, அப்பாவுக்குப் படையல். கருத்துப்போன ஒரு காய்த்துண்டை எடுத்துத் தனியே வைத்தார்.

"உன் அப்பா தறியை நிறுத்தியதே அமாவாசைக்குத்தான். அன்றைக்கு மட்டும்தான் மத்தியானம் இலை போட்டு உட்காருவார். மற்ற நாளெல்லாம் தூக்குச்சட்டியோடு சரி" என்றார். அரிவாள்மணையை மடக்கிவிட்டுப் பேரனைப் பார்த்தார். "இந்தப் பயல் அப்போதே பிறந்திருக்கக் கூடாதா?"

நான் எண்ணை மாற்றவில்லை. ராக்கெட்டுக்குத்தான் புதுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன்.