நீர்ச்சுழற்சிப் பாடம்: பனிக்கட்டிக்கு நிறம் சேருங்கள்

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டு முடிவுகள் வந்துவிட்டன. கற்பித்தல் செய்முறைத் தேர்வில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் கிடைத்த நிம்மதியில் இதை எழுதுகிறேன். பாடக்குறிப்பின் அமைப்பையும் பதிவேடுகளின் வரிசையையும் நீங்கள் அறிவீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சியை எடுத்துக்கொள்வோருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மேலே வைக்கும் பனிக்கட்டிக்கு நிறம் சேருங்கள்.

வழக்கமான சோதனை நமக்குத் தெரிந்ததே. கண்ணாடிச் சாடியில் சுடுநீர், அதன் வாயில் தட்டு, தட்டில் பனிக்கட்டி; சற்று நேரத்தில் தட்டின் அடியில் துளிகள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். காரைக்குடிக்கு அருகில் நான் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில், இவ்வளவையும் பார்த்த ஒரு சிறுமி, "டீச்சர், மேல இருக்குற ஐசுதானே ஒழுகுது?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அப்படித் தோன்றுவது முற்றிலும் நியாயம். கீழே உள்ள நீரில் நீலம் கலந்தால் தெளிவாகும் என்று சிலர் கூறுவர். அது ஐயத்தை வலுப்படுத்தவே செய்யும். துளிக்கும் நிறமில்லை, பனிக்கட்டிக்கும் நிறமில்லை எனும்போது, துளி மேலிருந்துதான் வந்தது என்று குழந்தை உறுதியாக முடிவு செய்துவிடும்.

ஆகவே, தேர்வன்று பீட்ரூட் சாறு கலந்த நீரை உறையவைத்து எடுத்துச் சென்றேன். சாடியில் காய்ச்சிய குடிநீரில் உப்பைக் கரைத்து ஊற்றினேன். பனிக்கட்டி ஒழுகினால் துளி சிவக்க வேண்டும். உப்புநீர் தெறித்திருந்தால் துளி கரிக்க வேண்டும். பனிக்கட்டியை வைத்திருந்த கிண்ணத்தின் அடியில் திரண்டவை தெளிந்த துளிகள். சுத்தமான கரண்டியில் எடுத்துச் சுவைத்த மாணவன் "உப்பே இல்ல டீச்சர்" என்றான். அதன் பிறகு நான் கேட்டது ஒரே கேள்வி: "தொண்டிக் கடல் தண்ணீர் உப்பு, ஐப்பசியில் நம் ஊருணியில் விழும் மழை ஏன் உப்பாக இல்லை?" விடையைப் பிள்ளைகளே சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் பெரும்பாலும் வங்கக் கடலிலிருந்து ஆவியாகி வருவது என்பதை, அவர்கள் சொன்னதற்குத் தொடர்ச்சியாக ஒரு வாக்கியத்தில் சேர்த்தேன்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

- தட்டையான தட்டு வேண்டாம். அடி உருண்ட எவர்சில்வர் கிண்ணம் வையுங்கள். துளிகள் நடுவில் கூடிச் சொட்டும்.
- சொட்டும் இடத்திற்கு நேர்கீழே சிறு குவளை ஒன்றை, விளிம்பு உப்புநீர் மட்டத்திற்கு மேல் இருக்குமாறு நிறுத்துங்கள்.
- கொதிநீர் தேவையில்லை, கண்ணாடி விரிசல் விடும். நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; ஆவியாவதோ எல்லா வெப்பநிலையிலும் நடக்கும்.
- பனிக்கட்டி இல்லாத இன்னொரு சாடியைப் பக்கத்தில் வையுங்கள். அதில் துளிகள் குறைவாகவே திரளும்.
- நம் ஊர் வெயிலில் பனிக்கட்டி பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும். அகன்ற வாயுள்ள வெப்பக்காப்புக் குடுவையில் (தெர்மாஸ்) கொண்டு செல்லுங்கள்.

துளி திரளும்வரை பேசாமல் இருங்கள். நான் இயல்பில் குறைவாகப் பேசுபவள் என்பதால் இது எனக்கு எளிதாக இருந்தது. பாட்டும் கதையுமாக வகுப்பு நடத்துவோருக்குக் கடினமாக இருக்கலாம். ஆயினும், பிள்ளைகள் சாடியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வண்ண வரைபடத்தைத் தொடக்கத்திலேயே மாட்டுவதையும் இதே காரணத்தால் நான் ஏற்பதில்லை. அம்புக்குறிகள் விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

புறத்தேர்வாளர் என்னிடம் கேட்டவை மூன்று. சுடுநீரின் மேல் வெண்மையாகத் தெரிவது நீராவியா என்பது முதல் கேள்வி. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெண்மையாகத் தெரிவது அது குளிர்ந்து உண்டான நுண்துளிகளே. வானத்தில் இந்தக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. பலர் தடுமாறும் இடம் இதுதான். அங்கே குளிர்ந்த பரப்பு எதுவும் இல்லை. மேலெழும் காற்று விரிவடைந்து குளிர்கிறது; சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. நீராவி தூசி, உப்பு போன்ற நுண்துகள்களின் மேல் படிந்து துளியாகிறது. சோதனைக்கும் வானத்திற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் குழந்தைகளிடமும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். உப்புநீரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது மூன்றாவது. சிறுமியின் கேள்வியைச் சொன்னேன். 1687-இல் ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி, உப்புநீர் நிறைந்த பாத்திரத்தைக் கோடைக்காற்றின் அளவுக்குச் சூடாக்கி, எடை குறைவதைக் கொண்டு மத்தியதரைக் கடலிலிருந்து ஆவியாகும் நீரைக் கணக்கிட்டதையும் சொன்னேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. குவளையில் இருந்த துளியைத் தாமும் சுவைத்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்.