நிறத்தை நம்பாம கல்லைப் படிக்கிறேன்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய கலெக்‌ஷன்லேர்ந்து ஒரு பெட்டி கல்லு கொடுத்தாரு, ஒண்ணுலயும் லேபிள் இல்ல. வெள்ளையா கண்ணாடி மாதிரி மூணு, ஊதா ரெண்டு, சாம்பல் கலர்ல இரும்பு மாதிரி மின்னுற ஒண்ணு. கலரைப் பாத்து பேர் சொல்லணும்னா அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா அந்தப் பேர்ல பாதி நிக்காது. கனிமத்துல கலர் பெரும்பாலும் உள்ள கலந்திருக்கிற துளி அசுத்தத்தால வர்றது, அதனால அதை நான் கடைசியாத்தான் கணக்குல எடுப்பேன்.

முதல்ல அந்த சாம்பல் கல்லு. பாலிஷ் இல்லாத டைல்ஸோட பின்பக்கத்துல அழுத்தி ஒரு இழு இழுத்தேன், துரு கலர்ல செவப்புக் கோடு விழுந்துச்சு! மேல பாத்தா இரும்பு, பொடியா பாத்தா செங்கல், அப்போ ஹெமடைட்ங்கிற இரும்புத் தாதுதான். மேக்னடைட்ங்கிற இன்னொரு இரும்புத் தாதா இருந்தா கோடு கறுப்பா வந்திருக்கும், காந்தமும் பச்சக்குன்னு ஒட்டியிருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

ஊதா ரெண்டும். ஃப்ரெட்ரிக் மோஸ்ங்கிற கனிமவியலாளர் 1812ல போட்டுக் கொடுத்த 1லேர்ந்து 10 வரைக்குமான கடினத்தன்மை வரிசை இன்னைக்கும் இந்த ஹாபிக்கு முதுகெலும்பு, நம்பர் பெருசா இருக்கிறது சின்னதைக் கீறும். நகம் சுமார் 2.5, கத்தி சுமார் 5.5, கண்ணாடியும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு ஊதாக் கல்லு கண்ணாடியில சரக்குன்னு கீறல் போட்டுச்சு, இன்னொண்ணை கத்தி முனையே கீறிடுச்சு. முதல்ல சொன்னது அமெதிஸ்ட், அதாவது குவார்ட்ஸ், 7. ரெண்டாவது ஃப்ளூரைட், 4. உடைஞ்ச மூலையை லென்ஸ்ல பாத்தா ஃப்ளூரைட் வழவழன்னு முக்கோணமா பிளந்திருக்கு, அமெதிஸ்ட் சிப்பி ஓடு மாதிரி வளைஞ்சு உடைஞ்சிருக்கு. கீறினதும் ஈர விரலால துடைச்சுப் பாக்கணும், கோடு அழிஞ்சா அது கீறல் இல்ல, மிருதுவான கல்லோட பொடி. அப்புறம் கீறுறதை எப்பவும் கண்ணுல படாத மூலையில மட்டும் பண்ணுங்க, நல்ல படிக முகத்துல கத்தி வைக்கிறதைப் பாத்தா எனக்கு மனசு தாங்காது.

அமெதிஸ்ட்டை ட்ராயர்ல வச்சுட்டேன். அதோட ஊதா இரும்பும் இயற்கைக் கதிர்வீச்சும் சேந்து கொடுத்தது, ரொம்ப நாள் வெயில்ல கிடந்தா வெளுத்துடும்.

ஜூன் 11, புதன்

நேரமில்ல. தூசி மட்டும் பிரஷ்ல தட்டினேன். என்ன கல்லுன்னு தெரியாம தண்ணியில போடவே கூடாது, ஹேலைட்னா உப்பு, கரைஞ்சே போயிடும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னைக்கு முழுக்க வெள்ளைக் கல்லுங்கதான். ஒண்ணு சாய்ஞ்ச பெட்டி வடிவம், அச்சடிச்ச காகிதத்து மேல வச்சா ஒவ்வொரு எழுத்தும் ரெண்டா தெரியுது. கல்லை மெதுவா திருப்பினேன், ஒரு எழுத்து அசையாம நிக்குது, இன்னொண்ணு அதைச் சுத்தி வருது. போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்ணு முன்னாடி பிடிச்சுத் திருப்பினா ஒரு பிம்பம் மறையுது, இன்னும் 90 டிகிரி திருப்பினா அது வந்து மத்தது மறையுது, இதை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கவே மாட்டேங்குது. இது கால்சைட். இந்த இரட்டைப் பிம்பத்தை டென்மார்க் விஞ்ஞானி எராஸ்மஸ் பார்த்தோலின் 1669லயே ஐஸ்லாந்துலேர்ந்து வந்த கால்சைட்ல பாத்து எழுதி வச்சிட்டாரு. ஒரு துளி வினிகர்ல அதோட பொடியைப் போட்டேன், நுரை வந்துச்சு.

ரெண்டாவது கையில எடுத்ததுமே கனம் தூக்கலா இருந்துச்சு, உப்பு இவ்வளவு கனக்காது, அதனால தண்ணியில முக்கலாம். தராசுல 134.1 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணியைத் தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு, கல்லை நூல்ல கட்டி அடி தொடாம முக்கினேன், 29.8 காட்டுச்சு. வகுத்தா 4.5, அதாவது அதே அளவு தண்ணியை விட நாலரை மடங்கு கனம், இதைத்தான் ஒப்படர்த்தின்னு சொல்றது. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, அதனால அது ரெண்டும் இல்ல, பேரியம் கலந்த கனமான கனிமம் பேரைட். நூல்ல காத்துக் குமிழ் ஒட்டியிருந்தா கணக்கு கெட்டுடும், தட்டி விட்டுட்டுப் படிக்கணும்.

ஜூன் 22, ஞாயிறு

மூணாவது, ஆறு பட்டையா கூரா நிக்கிற குவார்ட்ஸ். பாகைமானியில பிளாஸ்டிக் பட்டை ஒண்ணைப் பின் குத்தி கோணம் அளக்க ஒரு கருவி செஞ்சேன். பக்கத்துப் பட்டைக்கும் மேல சாய்ஞ்ச முகத்துக்கும் நடுவுல சுமார் 142 டிகிரி. என்கிட்ட ஏற்கெனவே இருக்கிற குட்டி குவார்ட்ஸ், ஒரு பக்கம் நசுங்கி வளந்தது, அதுலயும் அதே 142! முகங்க பெருசு சிறுசா இருந்தாலும் கோணம் மாறாதுன்னு டென்மார்க் விஞ்ஞானி ஸ்டெனோ 1669ல சொன்னது இதுதான், உள்ள அணுக்கள் அடுக்கின ஒழுங்கு வெளிய தெரியுது.

ஜூன் 28, சனி

பெட்டியோட அடியில பட்டை தீட்டின ஒரு பச்சைக் கல்லு கிடந்துச்சு. பட்டை தீட்டின கல்லைக் கீறவே கூடாது, அதனால லென்ஸும் தராசும் மட்டும்தான். மேலேர்ந்து உள்ள பாத்தா பின்பக்க விளிம்புகள் ரெட்டைக் கோடா தெரியுது, கால்சைட் பண்றதைத்தான் இதுவும் கொஞ்சமா பண்ணுது. கண்ணாடின்னா ஒத்தைக் கோடுதான், உள்ள உருண்டைக் குமிழும் இருக்கலாம். ஜிர்கான்ங்கிற ரத்தினக் கல்லுல ரெட்டை இன்னும் தூக்கலா இருக்கும், ஒப்படர்த்தியும் 4க்கு மேல போகும். இது 3.3 பக்கத்துல நிக்குது, ஆலிவ் பச்சை வேற, பெரிடாட்ங்கிற ரத்தினம்னு எழுதிட்டேன்.

எல்லாத்துலயும் சின்னதா வெள்ளை பெயின்ட் புள்ளி வச்சு நம்பர் போட்டாச்சு. பேர் பக்கத்துல எந்தச் சோதனையில தெரிஞ்சதுன்னும் எழுதியிருக்கேன். எங்க எடுத்ததுங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கு, அதைக் கொடுத்தவர்கிட்ட கேட்டு நாளைக்கே நிரப்பணும்.