நாலு மணி பஸ்

நான் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்கிற ஒரு பாட்டியிடம், "பஸ் விடச் சொல்லி எழுதியிருக்கோம் அப்பத்தா" என்றேன். எழுதியிருந்தது உண்மை. ஆனால் அவர் காதில் அது 'பஸ் வரும்' என்றுதான் விழும் என்பது எனக்குத் தெரியும், விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, படுக்கிற சாக்கை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைகளில் ஒதுங்கலாம், இப்போது பல வீடுகளில் அதற்கும் கம்பிக் கதவு. வீடற்றோருக்கான எங்கள் காப்பகமோ ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர். ஓர் அரசுத் துறை காலி செய்துவிட்டுப் போன குவார்ட்டர்ஸ், நடையாய் நடந்து வாங்கி, வெள்ளையடித்து, ஆளுக்கு 50 சதுர அடி கணக்கில் கட்டில் போட்டிருந்தோம்.

அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்று. "அங்கிட்டுப் படுத்தா நாலு மணிக்கு நான் எப்படித் தாயி இங்க வருவேன்?" டீக்கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பது அவர் வேலை. அதற்குத்தான் அந்தப் பதில்.

வந்தார். முதல் இரண்டு நாளும் இருட்டில் நடந்தே போயிருக்கிறார், நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. மூன்றாம் நாள் கடையில் வேறு ஆள். பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பினால், தூணோரம் அவர் படுக்கிற இடத்திலும் வேறு ஆள்.

வீடற்றோர் கூடுகிற, வேலை பார்க்கிற இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. பயிற்சியில் அதை வாசித்துக் காட்டியதே நான்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துறை கட்டடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கும்? அமெரிக்காவில் மத்திய அரசுக்குத் தேவைப்படாத கட்டடங்களை வீடற்றோருக்கான சேவைக்குக் கேட்டு வாங்க 1987-லேயே சட்டம் வந்துவிட்டது, இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறேன், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனாலும் வேண்டாம் என்று ஒருவர் விட்ட கட்டடம் அவர் விட்ட இடத்தில்தானே நிற்கும்.

சரி, அன்றைக்கு அவரை மழையிலேயே விட்டிருக்க வேண்டுமா? அதே காப்பகத்தில் கால் புண்ணோடு வந்த ஒருவர் ஒரு மாதம் படுத்திருந்து குணமாகிப் போனார். இதை நினைத்துத் தேற்றிக்கொள்ளும்போதே இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆள் சேராவிட்டால் துறை கட்டடத்தைத் திரும்பக் கேட்கும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. அன்றைக்குப் பதிவேட்டில் ஒன்பது பேர், அப்பத்தா வந்தால் பத்து. நான் குனிந்து அவரைக் கூப்பிட்டபோது மனதில் எது முன்னால் இருந்தது, மழையா பத்தா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

தூரம்தான் காரணம் என்று முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் பிறகு டீக்கடைக்காரரிடம் அப்பத்தாவுக்காகப் பேசப் போனேன். அவர் கோபப்படவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. மழை விடுற வரைக்கும் நானே பெருக்கியிருப்பேன்" என்றார்.