பத்மநாபபுரம் அரண்மனை: தச்சு வேலை பழகுகிறவர்கள் பார்க்க வேண்டியவை

திங்கட்கிழமை போய்விடாதீர்கள். அன்று விடுமுறை. அது தெரியாமல் தக்கலை வரை பஸ் செலவு செய்து வந்து, பூட்டிய வாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்குக் குறைவே இல்லை. மற்ற நாட்களிலும் மதியம் ஒரு மணி வாக்கில் கவுண்டரை மூடினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்குப் போய் இறங்கினால் பாதி பார்த்த நிலையில் மூக்கால் அழ வேண்டியதுதான்.

போகும் வழி சுலபம். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் பஸ்கள் தக்கலையில் நிற்கும். அங்கிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர் இருக்கும். தோளில் கேமரா பை தொங்கினால் ஆட்டோவில் ஒரு வாடகை, தொங்காவிட்டால் வேறு வாடகை. ஏறும் முன்பே பேசி முடியுங்கள். படியவில்லையா, நடந்துவிடுங்கள். மிச்சமாகும் காசை கேமரா டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம்.

இடம் கன்னியாகுமரி மாவட்டம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. 1956ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. பராமரிப்பைக் குறை சொல்ல முடியாது. குறை வழிகாட்டிகள் மேல்தான். ராஜா எங்கே உட்கார்ந்தார், எங்கே தூங்கினார் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். இந்த மரச் சட்டம் அந்த மரச் சட்டத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். கூரையில் 90 விதப் பூக்கள், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து நிற்கும். வீட்டில் செய்து பார்க்க யோசனை தேடி வந்தவர் இதில் ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டால் போதும். எட்டு இதழ்த் தாமரை நல்ல ஆரம்பம். 20 மி.மீ. பலகையில் 150 மி.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டு, நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் எட்டு. சுற்றுப்புறத்தை 6 மி.மீ. இறக்கினால் பூ எழுந்து நிற்கும். உடைவது இதழின் நுனிதான். வட்டத்தைச் சுற்றி வரும்போது நார் ஓடும் திசை உளிக்கு நான்கு இடங்களில் எதிராகத் திரும்பும். ஒரே பக்கமாகச் செதுக்கிக்கொண்டே போனால் நார் பெயர்ந்து இதழோடு வந்துவிடும். அந்த நான்கு இடங்களிலும் உளியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து வாருங்கள்.

அடுத்தது மாடியில் மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய கூடம். ஊர், நேரம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் திட்டம். இந்த ஜன்னல்களைப் பார்த்த பிறகு வரிசையாவது ஒன்றாவது! வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அரை இருட்டும் காற்றும். நெருக்கமாக அடித்த மரச் சட்டங்கள் வெளிச்சத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அந்தக் கறுப்புத் தரையில் போடுகின்றன. சிறிய பட்டறையில் செய்யக்கூடியது என்று இந்த அரண்மனையில் ஒன்றைக் கை காட்டச் சொன்னால், இந்த ஜன்னல் கிராதிதான்.

300 மி.மீ. சதுரத்தில் ஒன்று செய்து பாருங்கள். 18 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமனில் குறுக்கே ஏழு சட்டம், நெடுக்கே ஏழு. இடைவெளி 29 மி.மீ. விட்டால் கணக்கு கச்சிதமாக முடியும். சட்டம் ஒன்றொன்றுக்கும் தனித்தனியாகக் காடி (குறுக்கே வரும் சட்டம் உட்காரும் பள்ளம்) வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒவ்வொன்றிலும் கால் மி.மீ. விலகினால் ஏழாவது சட்டம் உட்காரவே உட்காராது. அதற்குப் பதில் 160 மி.மீ. அகலத்தில் இரண்டு பலகை எடுங்கள். பலகையின் குறுக்கே 18 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்கு ஏழு காடிகளையும் முதலில் வெட்டிவிடுங்கள். இரண்டு கடைசிக் காடிகளும் பலகை முனையிலேயே வரும். அதன் பிறகு நீளவாக்கில் பதினெட்டரை மி.மீ. பட்டைகளாக அறுத்தால் எல்லாச் சட்டத்திலும் காடி ஒரே இடத்தில் நிற்கும். அந்த அரை மி.மீ.யை இழைப்புளியில் இழைத்து, காடிக்குப் பொருந்தும் வரை இறக்குங்கள். கட்டை விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் இறுக்கம் என்று அர்த்தம், பாதித் தடிமன்தான் மிச்சம் இருப்பதால் அந்த இடத்தில் பிளந்துவிடும். பசை போடாமல் ஒரே ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். நாலு முறை கழற்றி மாட்டினால் காடி விளிம்பு நசுங்கித் தளர்ந்துவிடும். வெள்ளைப் பசை தண்ணீரில் கரைத்தது, மரத்தை உப்பவைக்கும். காடிக்கு ஒரு சொட்டு போதும்.

அளவு எடுக்க டேப்பை நீட்டினால் காவலர் ஓடி வருவார். அவர் செய்வது சரிதான். 148 x 105 மி.மீ. ஏ6 அட்டை ஒன்றை, எதையும் தொடாமல், ஜன்னலின் அதே தளத்தில் பிடித்து நேராக நின்று படம் எடுங்கள். வீட்டில் அட்டையை வைத்து எல்லா அளவையும் கணக்கிடலாம். சாய்வாக எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டறைக்கு உதவாது.

மாடிகளில் ஒரு கட்டில், 64 வகை மரத்தால் செய்தது என்கிறார்கள். டச்சுக்காரர் பரிசாம். இதைப் பார்த்துவிட்டுப் பல நிற மரங்களைக் கண்டபடி ஒட்டக் கை துறுதுறுக்கும். பலகை அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அசையாது என்று சொல்லலாம். 300 மி.மீ. அகலத் தேக்கே மழைக்கும் கோடைக்கும் 2 முதல் 3 மி.மீ. மாறும். அதன் குறுக்கே இன்னொரு மரத்தை முழுக்க ஒட்டினால் ஒன்று வளையும், இல்லை வெடிக்கும். மூன்று நிறம், நார் எல்லாம் ஒரே திசையில், ஒரு பெட்டி மூடி அளவுக்கு என்றால் பயமில்லை.

கூரையின் உட்புறத்தை மறக்காதீர்கள். கேரளக் கூரைகளில் கைமரங்களை, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளை, துளைத்து ஒரு குறுக்குக் கட்டை ஊடே ஓடும். அது எல்லாவற்றையும் பிடித்து நிற்கும், ஆணிக்கு வேலை குறைவு. இதே முறையை, கழற்றி மாட்டக்கூடிய ஒரு பெஞ்சுக்குக் கொண்டுவரலாம். 40 மி.மீ. தடிமன் காலைத் துளைத்துக் கழுந்து (குறுக்குக் கட்டையின் மெலிந்த முனை) 60 மி.மீ. வெளியே நீளட்டும், அதில் ஆப்புக்கு ஒரு துளை. துளையின் உள் விளிம்பு காலின் முகத்துக்கு 2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் ஆப்பு அடிக்க அடிக்க இழுத்து இறுக்கும். முகத்தோடு சரியாக வைத்தால் ஆப்பு சும்மா ஆடும். துளைக்கு வெளியே குறைந்தது 30 மி.மீ. மரம் விடுங்கள். இல்லையென்றால் நாரோடு பிய்ந்து ஆப்பு கையோடு வரும்.

அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒரு பலாமரத் தூண் இருக்கிறது. செதுக்கலை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, வருடங்கள் போகப் போகப் பொன்பழுப்பாகும். சாயம் பூசுவது வீண் செலவு. தேக்கு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் மர மில்லில் பலாத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். வெளிர் நிற ஓரம் உள்ள துண்டு வேண்டாம், அதில் பூச்சி விழும்.

காரைக்குடி பர்மா தேக்குத் தூண்கள் இதைவிடப் பிரமாண்டம்தான். ஆனால் அந்தக் கனத்துக்கு மரமும் கிடைக்காது, நம் பட்டறையில் திருப்பவும் இடம் இருக்காது.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும், முற்றம் மதியம் சுடும். வெளியே வந்ததும் மட்டிப்பழம் (இந்தப் பக்கத்துக் குட்டி வாழைப்பழம்) வாங்கிச் சாப்பிடுங்கள், வயிற்றுக்கும் பர்ஸுக்கும் கனமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மந்திரசாலையில் ஒரு நிமிடம் நின்று வரைய முடியாது, பின்னால் வருகிறவர் நகருங்கள் என்பார். செவ்வாய் அல்லது புதன், காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருங்கள்.